கெட்டில் சூடாகவில்லை, விளக்கு மங்குகிறது, ஆர்சிசிபி விழுகிறது: இரண்டு எண்களை வைத்து வீட்டு மின்கோளாறைப் பிடிக்கும் வழி

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து என் பட்டறைக்கு வரும் பொருள்களில் பலவற்றில் கோளாறே இருப்பதில்லை. கெட்டில் சரியாக இருக்கும். அது செருகப்பட்ட சாக்கெட் கருகியிருக்கும். ரைஸ் குக்கர் சரியாக இருக்கும். லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசி வீட்டுக்கு வந்து சேரும் மின்சாரம் இளைத்துப்போயிருக்கும். இது தெரியாமல் புதுக் குக்கர் வாங்கி, அதுவும் வேகவைக்கவில்லை என்று இன்னொன்று வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த பணம் அப்படிப் போகக்கூடாது.

பொருள் ஓடும்போது மின்னழுத்தம் எவ்வளவு, மின்னோட்டம் எவ்வளவு என்ற இரண்டு எண்கள் கையில் இருந்தால், கோளாறு பொருளிலா வயரிலா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். கீழே உங்கள் வீட்டு அறிகுறியைத் தேடி, அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். அதற்கு முன் அடுத்து வரும் பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

## தொடங்கும் முன்

தேவையான கணக்கு மூன்று வரிதான்.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம் (ஓம்)
திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் (வாட்)
லேபிளில் வாட் மட்டும் இருந்தால்: மின்தடை = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ வாட்

மலேசியாவில் 2008 முதல் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு வரை மாறலாம். அதாவது 216க்கும் 253க்கும் நடுவில் எது வந்தாலும் கோளாறு இல்லை. 230 வோல்ட்டில் நல்ல நிலையிலுள்ள பொருள்கள் காட்ட வேண்டிய எண்கள் இவை:

- 2200 வாட் கெட்டில்: 9.6 ஆம்பியர், 24 ஓம்
- 1000 வாட் இஸ்திரிப்பெட்டி: 4.3 ஆம்பியர், 53 ஓம்
- 700 வாட் ரைஸ் குக்கர்: 3 ஆம்பியர், 76 ஓம்

வாட்டர் ஹீட்டர் பலவற்றில் '240 வோல்ட், 3600 வாட்' என்று அச்சிட்டிருக்கும். அதன் மின்தடை 16 ஓம். 230 வோல்ட்டில் அது 3306 வாட்தான் தரும். 300 வாட் குறைகிறதே என்று அதைக் கழற்றிக் கொண்டுவர வேண்டாம். அது அப்படித்தான் இருக்கும்.

அளக்க மிகவும் பாதுகாப்பான கருவி, சாக்கெட்டில் செருகி அதன் மேல் பொருளைச் செருகும் சிறு வாட்மீட்டர். வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் அதுவே காட்டிவிடும். எந்தக் கம்பியையும் தொட வேண்டியதில்லை. இதனுடன் ஓம் அளக்க ஒரு மல்டிமீட்டர் போதும்.

ஓம் அளக்கும்போது பொருள் சாக்கெட்டிலிருந்து முழுமையாக விலகியிருக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஆம்பியர் துளையில் கம்பியைச் செருகிக்கொண்டு சாக்கெட்டை ஒருபோதும் அளக்காதீர்கள். அந்தத் துளையின் உள்ளே மின்தடை ஏறக்குறைய எதுவுமில்லை. சாக்கெட்டுக்கு அது ஒரு வெறும் செம்புக் கம்பி. மீட்டர் கையிலேயே வெடித்துவிடும். சுவருக்குள் ஓடும் வயர், சுவிட்ச் பெட்டி, மெயின் சுவிட்ச் ஆகியவை சுருஹான்ஜாயா தெனாகா என்னும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனின் வேலை. நான் முப்பது ஆண்டுகளாகப் பொருள்களைப் பழுதுபார்க்கிறேன். ஆனாலும் சுவிட்ச் பெட்டியைத் திறக்க அவரைத்தான் அழைக்கிறேன்.

## அறிகுறி: பொருளில் உயிரே இல்லை

முதலில் அதே சாக்கெட்டில் வேறொரு பொருளைச் செருகிப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் சாக்கெட் பக்கம் கோளாறு. பொருளைத் திறக்க வேண்டாம்.

சாக்கெட் நன்றாக இருந்தால் அடுத்தது மூன்று பின் ப்ளக்கில் உள்ள ஃபியூஸ். வெளியே எடுத்து ஓம் பாருங்கள். மீட்டர் கம்பிகள் இரண்டையும் ஒட்டிவைத்தால் காட்டும் எண்ணே இங்கும் வர வேண்டும். எண் எதுவும் காட்டவில்லை என்றால் ஃபியூஸ் அறுந்திருக்கிறது. சில சென் செலவில் முடியும் வேலை. ஆனால் 3 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 13 ஆம்பியர் ஃபியூஸைப் போடாதீர்கள். புதிய ஃபியூஸும் உடனே அறுந்தால் பொருளுக்குள் ஷார்ட் (லைவ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் நேரடியாக ஒட்டுவது) இருக்கிறது. அதற்கு மேல் ஃபியூஸ்களை வீணாக்க வேண்டாம்.

ஃபியூஸ் சரியாக இருந்தால், பொருளின் சுவிட்சைப் போட்டு வைத்து, ப்ளக்கின் லைவ், நியூட்ரல் பின்களுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். கெட்டிலில் 24, இஸ்திரியில் 53 வந்தால் உள்ளே எல்லாம் சரி. எண் வராவிட்டால் வயரைச் சந்தேகப்படுங்கள். இஸ்திரிப்பெட்டியின் வயர், கைப்பிடிக்குள் நுழையும் கழுத்தில்தான் முதலில் அறும். மீட்டரைப் பின்களில் பிடித்தபடியே அந்தக் கழுத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். 53 வந்து வந்து மறைந்தால் வயரை மாற்றினால் போதும்.

ரைஸ் குக்கரை அளக்கும்போது பானையை உள்ளே வைத்து, விசையை அழுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் சூடு காக்கும் சிறு எலிமெண்டைத்தான் (சூடேறும் கம்பிச் சுருளை) மீட்டர் பார்க்கும். 50 வாட் எலிமெண்டுக்கு 1058 ஓம் வரும். 'எழுபத்தாறு வர வேண்டிய இடத்தில் ஆயிரம் வருகிறது, எலிமெண்ட் போய்விட்டது' என்று முடிவு கட்டிக் குக்கரைக் குப்பையில் போட்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

வயரும் சரி என்றால் உள்ளே தெர்மல் ஃபியூஸ், தெர்மோஸ்டாட், எலிமெண்ட் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். தெர்மல் ஃபியூஸ் அறுந்திருந்தால் அதே வெப்ப அளவுள்ள புதியதை மட்டும் போட வேண்டும். அதை வெறும் கம்பியால் இணைத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை. தண்ணீர் வற்றிப்போன கெட்டிலையும், மறந்து விட்டுப்போன குக்கரையும் தீப்பிடிக்காமல் நிறுத்துவது அந்தச் சிறிய துண்டுதான். கெட்டிலில் எலிமெண்ட் போய்விட்டது என்றால் புதியதை வாங்குங்கள். பழுதுபார்க்கும் கூலி அதைவிட அதிகமாகும். வாட்டர் ஹீட்டரை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம்.

## அறிகுறி: சூடாகிறது, ஆனால் மெதுவாக

அதிகம் ஏமாற்றுவது இந்த அறிகுறிதான். பொருளை வாட்மீட்டரில் செருகி ஓடவிட்டு, இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓடாமல் சும்மா இருக்கும்போது பார்த்த வோல்ட் இங்கே பயன்படாது. சுமை ஏறும்போதுதான் மின்சாரம் தன் உண்மை நிலையைக் காட்டும்.

### மின்னழுத்தம் 216க்குக் கீழே விழுகிறது

பொருளில் குறையில்லை. மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் சூடு நிறையக் குறையும். ஏனென்றால் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 205 வோல்ட்டில் 24 ஓம் கெட்டில் தருவது 1750 வாட். மின்னழுத்தத்தில் குறைந்தது 11 விழுக்காடு. சூட்டில் குறைந்தது 20 விழுக்காட்டுக்கும் மேல். 1.7 லிட்டர் தண்ணீர் நான்கு நிமிடத்துக்குள் கொதிக்க வேண்டியது, ஐந்து நிமிடத்தை நெருங்கிவிடும். கீழே 'விளக்கு மங்குகிறது' பகுதிக்குச் செல்லுங்கள்.

### சுவர்ச் சாக்கெட்டில் சரி, எக்ஸ்டென்ஷன் முனையில் குறைவு

எக்ஸ்டென்ஷன் வயர் மெல்லியது. அதன் உறையில் சதுர மில்லிமீட்டர் அளவு அச்சிட்டிருக்கும். 0.75 என்று இருந்தால் ஒரு மீட்டர் ஒற்றைக் கம்பிக்கு 0.026 ஓம், 1.5 என்றால் 0.0133 ஓம். மின்சாரம் போய்த் திரும்பி வருவதால் நீளத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

ஓர் ஆடி மாதம், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. அன்னதானப் பந்தலில் 2500 வாட் தண்ணீர்க் கொப்பரை ஒன்று 30 மீட்டர் உருளை எக்ஸ்டென்ஷனில் ஓடியது. பத்து மீட்டர்தான் இழுத்திருந்தார்கள். மிச்சம் இருபது மீட்டரும் உருளையிலேயே சுற்றிக் கிடந்தது. 'தண்ணீர் கொதிக்கவே மாட்டேன் என்கிறது' என்று அழைத்தார்கள். போய் உருளையைத் தொட்டேன். கையை உடனே எடுத்துவிட்டேன். நடுச் சுற்றுகள் பிசின் போல் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கணக்கு இதுதான்: 0.75 வயர், போகவர 60 மீட்டர், 1.56 ஓம். கொப்பரை 21.2 ஓம். ஓடியது 10.1 ஆம்பியர். வயரில் மட்டும் ஏறக்குறைய 160 வாட் எரிந்துகொண்டிருந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, காற்றே போகாத அந்த உருளைக்குள். பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் துணியில் சுற்றி எரியவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே நடந்தது. பக்கத்தில் தென்னங்கீற்றுப் பந்தல், சிறு பிள்ளைகள்.

உருளையை முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். சூடேற்றும் பொருளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த எக்ஸ்டென்ஷனை வாங்காதீர்கள். ஒருமுறை இளகிய வயரை வெட்டி எறிந்துவிடுங்கள். டேப் சுற்றிப் பயன்படுத்தக்கூடாது.

### மின்னழுத்தம் சரி, மின்னோட்டம் குறைவு

இப்போது கோளாறு பொருளில். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, லேபிள் மின்தடையுடன் ஒப்பிடுங்கள். 1500 வாட் எலிமெண்ட் இரண்டு உள்ள கொப்பரை 17.6 ஓம் காட்ட வேண்டும். 229 வோல்ட்டில் 6.5 ஆம்பியர்தான் ஓடினால் 35 ஓம். சரியாக இரண்டு மடங்கு. ஓர் எலிமெண்ட் செத்துவிட்டது. எலிமெண்ட் ஒன்று மாற்றினால் போதும் என்று கடைக்காரரிடம் நீங்களே சொல்லலாம்.

### இரண்டும் சரி, ஆனாலும் சூடு போதவில்லை

மின்சாரத்தில் குறையில்லை. கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு தடித்திருக்கிறதா என்று பாருங்கள். எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் ஊற்றிக் கொதிக்கவைத்துச் சுரண்டாமல் கழுவுங்கள். வாட்டர் ஹீட்டர் என்றால், ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வருகிறது என்று குவளையில் பிடித்துப் பாருங்கள். 3300 வாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் தண்ணீரை 24 டிகிரி ஏற்றும்; 3 லிட்டர் ஓடினால் 16 டிகிரிதான். மழைக்கால விடியற்காலையில் அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். குழாயைக் கொஞ்சம் மூடினால் சரியாகிவிடும்.

## அறிகுறி: ப்ளக் சுடுகிறது, கருகிய வாடை வருகிறது

உடனே அணையுங்கள். ஆறிய பின் ப்ளக்கை எடுத்துப் பின்களைப் பாருங்கள். ஒரு பின் மட்டும் கறுத்திருந்தால், சாக்கெட்டுக்குள் அந்தப் பின்னைக் கவ்வும் பித்தளை நாக்கு தளர்ந்துவிட்டது. ப்ளக் முழுவதும் சூடு என்றால் உள்ளே திருகாணி தளர்ந்திருக்கலாம், ஃபியூஸ் தன் பிடியில் ஆடலாம். ப்ளக்கைத் திறந்து திருகாணிகளை இறுக்குவது வீட்டிலேயே செய்யக்கூடியது.

எங்கள் ஊரில் இதற்கு முதன்மையான காரணம், இரண்டு பின் ப்ளக்கை மூன்று துளைச் சாக்கெட்டில் நுழைப்பது. பேனாவையோ திருப்புளியையோ மேல் துளையில் குத்தி மூடியைத் திறந்து, கீழ்த் துளைகளில் உருண்டைப் பின்களைச் செருகுவார்கள். அந்த நாக்குகள் தட்டைப் பின்னுக்காகச் செய்யப்பட்டவை. உருண்டைப் பின் அவற்றைப் பிளந்து விரித்துவிடும். பிறகு சரியான ப்ளக்கைச் செருகினாலும் அது இறுகப் பிடிக்காது.

தளர்ந்த பிடியில் மின்தடை 0.2 ஓம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டர் அதை ஒழுங்காக அளக்கக்கூட முடியாது. மீட்டர் கம்பிகளின் மின்தடையே அவ்வளவு இருக்கும். ஆனால் 10 ஆம்பியர் ஓடும்போது 10 × 10 × 0.2, அதாவது 20 வாட் அந்த ஒரு புள்ளியில் எரிகிறது. என் பட்டறையில் ஈயம் உருக்கும் இரும்பு 30 வாட். அதன் மூன்றில் இரண்டு பங்கு சூடு சாக்கெட்டுக்குள், மரச்சுவரை ஒட்டி இருக்கிறது.

ஆகவே இந்த அறிகுறிக்கு மீட்டரை நம்பாதீர்கள். கையையும் மூக்கையும் கண்ணையும் நம்புங்கள். ப்ளக் கருகியிருந்தால் ப்ளக்கை மாற்றுங்கள். சாக்கெட்டின் முகம் பழுப்பேறியிருந்தால் வயர்மேன் வரும்வரை அதைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். கருகிய ப்ளக் புதிய சாக்கெட்டையும் கருக்கும். வாட்டர் ஹீட்டரை 13 ஆம்பியர் ப்ளக்கில் ஓட்டக் கூடாது. 15 ஆம்பியர் இழுக்கும் பொருளுக்குத் தனி வயரும் தனி சுவிட்சும் வேண்டும்.

## அறிகுறி: கெட்டிலைப் போட்டால் விளக்கு மங்குகிறது

கெட்டிலை அணைத்துவிட்டு வோல்ட்டை எழுதுங்கள். போட்டுவிட்டு வோல்ட்டையும் ஆம்பியரையும் எழுதுங்கள். வீழ்ந்த வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால், உங்கள் சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் வயர் முழுவதன் மின்தடை கிடைக்கும். நான் பார்த்த நல்ல வீடுகளில் அது அரை ஓமுக்கு மேல் போவதில்லை. ஒரு ஓமைத் தாண்டினால் தேடத் தொடங்க வேண்டும்.

லயத்திலிருந்து ஓர் அக்கா இரண்டாவது ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதுவும் கெட்டுவிட்டதா?"

பட்டறையில் செருகிப் பார்த்தேன். 76 ஓம், சாதம் வெந்தது. குக்கரை அவரிடமே கொடுத்துவிட்டு, மாலையில் மீட்டருடன் அவர் வீட்டுக்குப் போனேன். சும்மா இருக்கும்போது 232 வோல்ட். அவர் வீட்டுக் கெட்டிலைப் போட்டதும் 211 வோல்ட், 8.8 ஆம்பியர். வீழ்ச்சி 21 வோல்ட். 21 ÷ 8.8 = 2.4 ஓம். 21 × 8.8 என்று பெருக்கினால் 185 வாட். கெட்டிலில் சேராத அந்த 185 வாட் எங்கோ ஓரிடத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. எங்கே என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. கெட்டில் சமையலறையில் ஓடட்டும். நீங்கள் வேறு வயரில் வரும் முன்னறைச் சாக்கெட்டில் வோல்ட்டைப் பாருங்கள்.

முன்னறையில் வோல்ட் விழவில்லை என்றால் கோளாறு சமையலறை வயரில் மட்டும்: சாக்கெட், அதன் திருகாணி, அங்கே போகும் வயர். முன்னறையிலும் அதே அளவு விழுந்தால் கோளாறு சுவிட்ச் பெட்டியிலோ அதற்கு முன்போ இருக்கிறது. அப்போது பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் பாருங்கள். அங்கும் விழுந்தால் வெளி வயர்.

அக்கா வீட்டில் முன்னறையிலும் 21 வோல்ட் விழுந்தது. அடுத்த வீட்டில் ஒன்றுமில்லை. வயர்மேன் வந்து மெயின் சுவிட்சைத் திறந்தபோது நியூட்ரல் திருகாணி கரியாகியிருந்தது. உறை உரிந்து, கம்பி நீலமும் கறுப்புமாக நிறம் மாறியிருந்தது. கருகிய பகுதியை வெட்டிப் புது முனை எடுத்து இறுக்கினார். மீண்டும் அளந்தேன்: 232, கெட்டில் போட்டால் 229, 9.5 ஆம்பியர். 0.3 ஓம். பழைய குக்கரும் நன்றாகத்தான் இருந்தது.

வெளி வயர் என்றால் யாரைக் கூப்பிடுவது என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். உங்கள் பெயரில் மீட்டரும் கட்டண பில்லும் இருந்தால் தெனாகா நேஷனலின் 15454 எண்ணை அழையுங்கள். மின்சாரம் தோட்ட நிர்வாகம் வழியாக வீடுகளுக்குப் பிரிகிறது என்றால், லயத்துக்கு வரும் வயர் நிர்வாகத்தின் பொறுப்பு. தோட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதும்போது 'மின்சாரம் சரியில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். காலை பத்து மணிக்கு இத்தனை வோல்ட், மாலை ஏழு மணிக்கு இத்தனை வோல்ட் என்று ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் எதுவும் ஓடாதபோதே மாலையில் 216க்குக் கீழே போகிறது என்றால், வரிசை முழுவதற்கும் வயர் போதவில்லை என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

## அறிகுறி: விளக்கு திடீரென்று மிகப் பிரகாசமாகிறது, காற்றாடி வேகமெடுக்கிறது

அளக்க வேண்டாம். மெயின் சுவிட்சை உடனே அணையுங்கள். வெளியே நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். அப்படியானால் மூன்று ஃபேஸ்களுக்கு இடையில் வீடுகள் மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் மின்னழுத்தம் குறையும், இன்னொரு வீட்டில் 300ஐத் தாண்டி 400 வரைகூடப் போகலாம். 300 வோல்ட்டில் சூடேற்றும் பொருள் ஒன்று தன் அளவைவிட 1.7 மடங்கு திறனை இழுக்கும். தொலைக்காட்சியும் குளிர்பெட்டியும் அதைத் தாங்கமாட்டா. பக்கத்து வீட்டுக்காரர்களையும் அணைக்கச் சொல்லிவிட்டு 15454க்கு அழையுங்கள்.

## அறிகுறி: சுவிட்ச் அடிக்கடி விழுகிறது

சுவிட்ச் பெட்டியில் எது விழுந்தது, அதாவது தானாக அணைந்தது, என்று முதலில் பாருங்கள். ஒற்றையாக நிற்கும் சிறிய சுவிட்ச் எம்சிபி. அகலமாக, 'டெஸ்ட்' பொத்தானுடன் இருப்பது ஆர்சிசிபி. இரண்டும் விழுவது வெவ்வேறு காரணத்துக்காக.

### எம்சிபி விழுகிறது

சுமை அதிகம், அல்லது ஷார்ட். போட்ட அந்த நொடியே விழுந்தால் ஷார்ட். பத்து இருபது நிமிடம் கழித்து விழுந்தால் சுமை. சுமையைக் கூட்டிப் பாருங்கள். நான்கு துளை எக்ஸ்டென்ஷனில் கெட்டில் 2200, குக்கர் 700, இஸ்திரி 1000. ஆக 3900 வாட். 230ஆல் வகுத்தால் 17 ஆம்பியர். அதன் ப்ளக்கில் இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ். 17 ஆம்பியரில் அது உடனே அறுந்துவிடாது, நெடுநேரம் தாங்கும். அந்த நேரம் முழுவதும் ப்ளக்கும் வயரும் சுடும். சூடேற்றும் பொருள்களில் ஒன்றை வேறு சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். எம்சிபி அடிக்கடி விழுகிறதே என்று பெரியதாக மாற்றச் சொல்லாதீர்கள். சுவருக்குள் இருக்கும் வயர் அதே பழைய வயர்தான்.

### ஆர்சிசிபி விழுகிறது

மின்சாரம் எங்கோ பூமிக்குக் கசிகிறது. சாக்கெட்டுகளுக்குப் போடும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர். வாட்டர் ஹீட்டருக்கு 10. கசிவுக்கும் அதே கணக்குதான். 230ஐ 0.030ஆல் வகுத்தால் 7667 ஓம், 0.010ஆல் வகுத்தால் 23,000 ஓம். மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் காப்பின் மின்தடை இந்த எண்ணுக்கு இறங்கினால் சுவிட்ச் விழும். நடைமுறையில் அதற்குச் சற்று முன்னதாகவே விழும்.

எல்லாப் பொருள்களையும் சாக்கெட்டிலிருந்து உருவிவிடுங்கள். அணைத்தால் மட்டும் போதாது. எம்சிபி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வயரில்தான் கசிவு. அது வயர்மேன் வேலை. எல்லாவற்றையும் ஏற்றிய பின்னும் நின்றால், பொருள்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். குற்றவாளி தானே அகப்படும். பெரும்பாலும் தண்ணீர் புகுந்த கெட்டில், எலிமெண்ட் வெடித்த கொப்பரை, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவைதான்.

அந்தப் பொருளை மல்டிமீட்டரில் பார்த்து 'கசிவே இல்லை' என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். சில வோல்ட் பேட்டரியில் ஓடும் மீட்டருக்கு, 230 வோல்ட்டில் மட்டும் கசியும் காப்பு நல்லதாகவே தெரியும். அதற்கு 500 வோல்ட்டில் சோதிக்கும் மெகர் வேண்டும். பத்து இலட்சம் ஓமுக்குக் குறைந்தால் அந்தப் பொருளை நான் திருப்பிக் கொடுப்பதில்லை.

மாலை இடி மழையில் மட்டும் விழுந்து, மீண்டும் ஏற்றினால் நிற்கிறது என்றால் மின்னலின் அதிர்வு. மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் அது செத்துவிட்டது, மாற்ற வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று ஆர்சிசிபியைத் தாண்டி வயரை இணைத்துத் தருகிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

## அறிகுறி: தொட்டால் சுரீரென்கிறது

கெட்டில், குளிர்பெட்டி, குழாய் எதுவாக இருந்தாலும், அதைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள். எர்த் கம்பி இல்லை அல்லது அறுந்திருக்கிறது. அதோடு கசிவும் இருக்கிறது. பழைய லயங்களில் எர்த் கம்பியே இழுக்காத சாக்கெட்டுகளை இன்றும் பார்க்கிறேன். செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றும் ஆவதில்லை என்று சொல்லிப் பல மாதம் ஓட்டுவார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு வரும் குழந்தைக்கு அது பொருந்தாது. வீட்டில் சோதிக்க இதில் எதுவுமில்லை. நேராக வயர்மேன்.

## அறிகுறி: கணக்கும் மீட்டரும் ஒத்துப்போகவில்லை

கெட்டில், இஸ்திரி போன்றவற்றில் குளிர்ந்த நிலை ஓமும் ஓடும்போது வரும் ஓமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். குண்டு பல்பில் அப்படி இல்லை: 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம், அணைந்திருக்கும்போது 40 ஓம் அருகே. அது கோளாறு இல்லை. காற்றாடி, பம்பு, குளிர்பெட்டி போன்ற மோட்டார்ப் பொருள்களில் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வருவது சுருளின் மின்தடை ஆகாது. பெருக்கி வருவதும் உண்மையான வாட்டைவிட அதிகமாக இருக்கும். அவற்றுக்கு வாட்மீட்டரின் வாட் எண்ணை மட்டும் பாருங்கள்.

## அறிகுறி: மின்கட்டணம் ஏறிவிட்டது

முதலில் வாட்டர் ஹீட்டரைக் கணக்கிடுங்கள். நான்கு பேர், ஆளுக்கு இருபது நிமிடம், 3.3 கிலோவாட்: ஒரு நாளைக்கு 4.4 யூனிட், மாதம் 132 யூனிட். பல வீடுகளில் தேடல் இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் இரவில் மீட்டருக்கு முன் நில்லுங்கள். மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு துடிக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று மீட்டரின் முகத்திலேயே எழுதியிருக்கும். 1000 என்றால், 3600ஐ இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட விநாடிகளால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 36 விநாடிக்கு ஒன்று என்றால் 100 வாட்.

தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிபெயர்ந்த ஒரு குடும்பம் மூன்று மாதமாகப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தது. இரவு பதினொரு மணிக்கு எல்லாம் அணைத்த பின், குளிர்பெட்டி மட்டும் ஓட, நான் மீட்டர் முன் நின்றேன். ஏழு விநாடிக்கு ஒரு துடிப்பு, 514 வாட். எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னேன். மூன்றாவதை இறக்கியதும் துடிப்பு நீண்டது. வீட்டின் பின்புறம் கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய உறுமலும் நின்றது. தண்ணீர்த் தொட்டிப் பம்பு. வாழைக் கன்றுகளுக்கு அடியில் போகும் குழாயின் இணைப்பு ஒன்று விட்டிருந்தது. அழுத்தம் குறையக் குறையப் பம்பு இரவெல்லாம் ஓடியிருக்கிறது. மறுநாள் காலை வீட்டுக்காரர் மண்ணைத் தோண்டிக் குழாயை ஒட்டினார். அன்றிரவு அவரே எண்ணிப் பார்த்து அழைத்தார்: நாற்பது விநாடிக்கு ஒரு துடிப்பு, 90 வாட், குளிர்பெட்டி மட்டும்.